மெத்தைக் கடைப் பாட்டு

சாப்பாட்டு மேசையில் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, "கடைப் பாட்டை மாத்தறோம்" என்று பெரியவர் சொன்ன இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். அந்தத் தட்டை எடுத்துப் போய்க் கழுவியவள் அவர் தம்பி மனைவி, இளையவள். கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை.

இன்று ரெக்கார்டிங்.

காலை ஒன்பதரைக்குக் கடையின் ஷட்டர் ஏறியது. அது முழுசாக ஏறி முடிவதற்குள் வாசல் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்துவிட்டது.

தூக்கம் வருது, தூக்கம் வருது,
தோள்ல போட்டுத் தட்டாதீங்க,
வந்து படுங்க... எங்க கடை மெத்தை!

ஒரு சிறுமியின் குரல். 'வந்து படுங்க' என்பதற்கும் 'எங்க கடை' என்பதற்கும் நடுவில் ஒரு விக்கல். அந்த விக்கலில்தான் வியாபாரமே ஓடியது என்றால் மிகையில்லை.

பாட்டை எழுதியவர் பெரியவர். எழுதியது மூன்று வரி என்றாலும் அதைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவார். "போர்டை எவன் படிக்கறான்? காதுல விழுந்ததைத்தான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறான். பத்து விநாடிக்குள்ள கடையும் வந்துடணும், சரக்கும் வந்துடணும், ஆசையும் வந்துடணும்" என்பார். வாசலில் அரை மணிக்கு ஒரு தடவை அந்தப் பாட்டுதான். டெலிவரி வண்டி ரிவர்ஸ் எடுத்தால் அதுதான். போனில் "கொஞ்சம் இருங்க" என்று சொன்னாலும் அதுதான். தெருப் பிள்ளைகள் சண்டையில் ஒருவரை ஒருவர் கேலி செய்ய அந்த விக்கலைப் போட்டுக் காட்டினார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் கடைப் பெயர் நினைவுக்கு வராமல், "அந்த விக்கல் மெத்தை இருக்கா?" என்று கேட்டார்கள்.

பாடியவள் இளையவளின் மகள். பாடும்போது ஆறு வயது. ஏழாவது வயதில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பதினான்கு மாதம் ஆகிறது. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

கடையின் பின்கட்டில் மெத்தைக்கு உறை தைக்கும் மெஷினில் இளையவள் உட்கார்ந்திருப்பாள். அரை மணி அடிக்கும் நேரத்தில் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள். பாட்டு முடிந்த பிறகுதான் அடுத்த தையல். அவள் கணவன் வேறு மாதிரி. மிஞ்சிய ஃபோமில் இரண்டு துண்டு வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருப்பான். நேரம் நெருங்கினால் இரண்டு காதிலும் அடைத்துக்கொள்வான். வாடிக்கையாளர் விலை கேட்டாலும் பத்து விநாடிக்கு வாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பான். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

போன மாதம் ஒரு பெண் இரட்டை மெத்தையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஸ்பீக்கர் பாடியதும் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகத்தான் கேட்டாள். "இது செத்துப்போன பாப்பாதானே? செத்த பிள்ளை கூப்பிட்டா வந்து படுக்கறதா?" மெத்தை வாங்காமல் போய்விட்டாள். பெரியவருக்கு அது போதும். மேலே மாடியும் கட்டி முடித்தாகிவிட்டது. மாடி இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டும். பாட்டில் நடு வரியை மாற்ற வேண்டும். பாடப் போவது அவருடைய மகள். அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். ஆறு வயது முடிந்து இரண்டு மாதம்.

"ஆனா ஒண்ணும்மா" என்று பெரியவர் இளையவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "குரல் மாறினது வெளிய தெரியக் கூடாது. அதே இழுப்பு, அதே கொஞ்சல், அதே விக்கல். உன் பொண்ணு எப்படிப் பாடினான்னு உனக்குத்தான் தெரியும். நீதான் சொல்லித் தரணும்."

"பழைய பாட்டு என்ன ஆகும் மாமா?"

"அதை வெச்சு நான் என்ன பண்ண? எல்லா இடத்துலயும் அழிச்சிடுவேன். ரெண்டு குரல் ஓடிட்டிருந்தா குழப்பம்."

"எனக்குக் குடுத்துடுங்க. மியூசிக் இல்லாம, அவ குரல் மட்டும். ஸ்டூடியோல இருக்கும்."

"வாலு நல்லா பாடட்டும். குடுத்துடறேன்."

மகளின் குரலில் அந்தப் பத்து விநாடியைத் தவிர வீட்டில் வேறு எதுவும் இல்லை. அவள் பேசியது, சிரித்தது எல்லாம் கணவனின் போனில் இருந்தன. போனை ரிப்பேருக்குக் கொடுத்தார்கள். கடைக்காரன் பழுதைச் சரிசெய்து, உள்ளே இருந்ததையும் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தான். 'புதுசு மாதிரி ஆக்கிட்டேன் சார்' என்றான்.

அதனால் இளையவள் ஒத்துக்கொண்டாள். ஆறு நாளாகத் தையல் மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு வாலுவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். எந்த எழுத்தில் மூக்கு வர வேண்டும், எங்கே நாக்கு தடுக்க வேண்டும் என்று. வாலு நல்ல பிள்ளை. சொன்னதைச் சொன்னபடி பிடித்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் இளையவள் முதுகைக் காட்டிக்கொண்டு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து 'தூக்கம் வருது' என்று கேட்டது. சட்டென்று திரும்பிவிட்டாள். வாலு பயந்துபோய், "தப்பா சித்தி?" என்றாள்.

*

பதினொரு மணிக்கு டெலிவரி வண்டியிலேயே கிளம்பினார்கள். இளையவளின் கணவன் ஓட்டினான். பக்கத்தில் பெரியவர். பின்னால், பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகளில் சாய்ந்துகொண்டு பெரியவரின் மனைவி மூத்தவள், வாலு, இளையவள்.

"என்ன இருந்தாலும் உனக்குப் பெரிய மனசு" என்றாள் மூத்தவள். "நானா இருந்தா என் பொண்ணு நின்ன இடத்துல இன்னொருத்தியை நிக்க வெச்சிருக்க மாட்டேன்."

"இடம் காலியாத்தானே இருக்குக்கா."

"அப்படிச் சொல்லாதே. மனசு கேக்கல." மூத்தவள் கைப்பையைத் திறந்து கண்ணாடி பார்த்து மூடினாள். "ஆனா சொல்லணும்னா, வாலுவுக்குக் குரல் சுத்தம். உன் பொண்ணுக்கு எப்பவும் ஒரு கரகரப்பு. நெஞ்சுல சளி கட்டியிருக்கு, நல்ல டாக்டரைப் பாருன்னு நான் தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன். அப்ப யாரு காதுல விழுந்துச்சு?"

இளையவள் வாலுவின் ரிப்பனைச் சரிசெய்தாள். வாலு தன் கையில் இருந்த பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து, பெரிய பாதியைச் சித்திக்குக் கொடுத்தாள்.

ஸ்டூடியோ ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. சந்து குறுகல். ரிவர்ஸ் எடுக்காமல் உள்ளே போக முடியாது. கணவன் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினான். இன்னொரு சுற்றும் சுற்றினான்.

"என்னடா, ஊர்வலமா? ரிவர்ஸ் எடு!" என்றார் பெரியவர்.

எடுத்தான். வண்டியின் பின்பக்கத்திலிருந்து செத்துப்போன மகள், சுவர் வரைக்கும், தூக்கம் வருது, தூக்கம் வருது என்று பாடிக்கொண்டே போனாள்.

அவன் இறங்கவில்லை. "நான் வண்டியிலயே இருக்கேன்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னான்.

மாடியில் ஒலிப்பதிவாளர் காத்திருந்தார். எப்போதும் கழுத்தில் ஹெட்போன் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்று பெரியவர் கிண்டல் செய்வார். அதனால் அவருக்குப் பெயரே ஹெட்போன். அறையை இரண்டாகத் தடுத்திருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெஷின்கள், அந்தப் பக்கம் மைக். சுவர் முழுக்க ஃபோம். இவர்கள் கடையில் மிஞ்சிய துண்டுகள்தான்.

வாலு மைக் முன்னால் நின்றாள். பாடினாள். இரண்டாவது டேக்கிலேயே ஹெட்போன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், கண்ணை மூடிட்டுக் கேளுங்க. வித்தியாசமே தெரியல."

பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தார். "விக்கல் எங்க?"

"அதுதான் வரல. ஹிக்குன்னு எழுத்துக் கூட்டிப் படிக்குது பாப்பா."

மறுபடி பாடினாள். மறுபடியும் 'ஹிக்'. பொம்மையின் வயிற்றை அழுத்தினால் வருவது மாதிரி.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் விக்கலுக்காகப் போராடினார்கள். காய்ந்த பன்னைத் தண்ணீர் இல்லாமல் சாப்பிட வைத்தார்கள். பிறகு தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க வைத்தார்கள். மூத்தவள் மகளின் மூக்கைப் பிடித்துப் பார்த்தாள். விக்கலைத் தவிர எல்லாம் வந்தது. ஏப்பம் வந்தது, தும்மல் வந்தது. கடைசியில், "அம்மா, பாத்ரூம்" என்றாள் வாலு.

பெரியவர் இளையவள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு மூணாவது டேக்லயே வந்துச்சே! அப்ப என்ன பண்ணினே?"

"தானா வந்துச்சு மாமா."

தானாக வரவில்லை. அன்று மகளுக்குப் புது ஷூ கடித்தது. தரையில் உட்கார்ந்துகொண்டு, "பாட மாட்டேன், வீட்டுக்குப் போகலாம்" என்று அடம் பிடித்தாள். மூத்தவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "வராதவளை ஏன் வதைக்கறே? வாலு கொஞ்சம் வளரட்டும், அவ பாடுவா" என்று சொல்லிவிட்டு, எல்லாரோடும் டீ குடிக்கக் கீழே போனாள். இளையவள் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். "என் மானத்தை வாங்கறியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். எத்தனை அடி என்று அவள் எண்ணவில்லை. பிறகு வராந்தாவில் போய் நின்றுகொண்டாள். எல்லாரும் திரும்பி வந்தபோது மகள் அழுகை ஓய்ந்து மைக் முன்னால் தயாராக நின்றாள். பாடினாள். அழுகையின் மிச்சம் சரியான இடத்தில் வந்து விழுந்தது. "அடடா, எவ்வளவு அழகா விக்குது!" என்று எல்லாரும் சிரித்தார்கள். இளையவளும் சிரித்தாள். வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். பிள்ளை மறந்துவிட்டாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் போய் ஏன் சார் மண்டையை உடைச்சிக்கறீங்க?" என்றார் ஹெட்போன். "பழைய டேக்ல இருந்து விக்கலை மட்டும் வெட்டி இதுல ஒட்டிடறேன். அரை விநாடி வேலை."

"அதைச் செய்யுங்க முதல்ல!"

"வேண்டாம்" என்றாள் இளையவள்.

அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மூத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அவளோடதை வெட்டாதீங்க. வெட்டி இன்னொரு பிள்ளை வாயில வைக்காதீங்க."

"ஏம்மா, வெறும் விக்கல்தானே?" பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது. "பாட்டே உன் கைக்கு வரப் போகுது, விக்கலுக்கு அழறே. விக்கல் இல்லாம பாட்டு இல்லை. ஒண்ணு இவ விக்கணும், இல்ல அவளோடதை வெட்டணும். நீயே சொல்லு."

இளையவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வாலு மைக்கின் கம்பியை விரலால் தடவிக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் கீழ போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள். "நான் வரவைக்கறேன்."

*

கதவு சாத்தியதும் வெளிச் சத்தம் அறுந்தது.

"சித்தி, நான் சரியா பாடலயா?"

"நல்லா பாடினே."

"அப்பா கோவமா இருக்காரா?"

"இல்ல."

"நீங்க கவலைப்படாதீங்க சித்தி. நான் எப்படியாவது விக்கிடறேன்." வாலு வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

இளையவள் தனக்குள் கோபத்தைத் தேடினாள். வண்டியில் மூத்தவள் பேசியதை நினைத்துப் பார்த்தாள். செத்த பிள்ளை கூப்பிடுகிறது என்று சொன்னவளை நினைத்துப் பார்த்தாள். கோபம் வந்தது. ஆனால் இந்தப் பிள்ளை மேல் வரவில்லை. கோபம் இருந்தால் கை தானாகப் போயிருக்கும். இல்லாததால் யோசிக்க வேண்டியிருந்தது. கன்னத்தில் கூடாது, தடம் தெரியும். கையிலும் கூடாது. கவுன் மறைக்கும் இடம் பார்த்து, தொடையின் பின்பக்கத்தில் அடித்தாள்.

முதல் அடிக்கு வாலு சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள்.

இரண்டாவது அடிக்குச் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. "சித்தி?" என்றாள்.

மூன்றாவது அடிக்கு அழுதாள். நான்காவதும் ஐந்தாவதும் அழுகை நீளமாக வர வேண்டும் என்பதற்காக.

பிறகு இளையவள் தரையில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அழுகை ஓயவும் வேண்டும், முழுசாக ஓயவும் கூடாது. மெஷினில் நூல் இழுப்பைச் சரிபார்ப்பதுபோல் அந்த மூச்சைக் கவனித்தாள். கண்ணீரைத் துடைத்துவிட்டாள், மூக்கைச் சிந்திவிட்டாள், ரிப்பனை மறுபடி கட்டினாள்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

வாலு தலையாட்டினாள். உடம்பு தூக்கிப் போட்டது. விக்கல்.

"வந்துடுச்சு பாரு" என்றாள் இளையவள். முதலில் படியேறி வந்த ஹெட்போனைக் கண்ணாடி வழியாகக் கைகாட்டி அவசரப்படுத்தினாள். "இப்ப பாடு. இப்பவே பாடு."

வாலு பாடினாள்.

தூக்கம் வருது, தூக்கம் வருது,
மாடி ஏறி வந்து பாருங்க,
வந்து படுங்க...

விக்கல், மயிரிழை பிசகாமல், அதே இடத்தில் வந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெரியவர் கையைத் தட்டினார். "பிரமாதம்! எப்படிம்மா வரவெச்சே?"

இளையவள் வாயைத் திறப்பதற்குள் வாலு சொன்னாள். "சித்தி கிச்சுகிச்சு மூட்டினாங்கப்பா. சிரிச்சுச் சிரிச்சு விக்கல் வந்துடுச்சு."

அவ்வளவு சரளமாகச் சொன்னாள். ஆறு வயதில் பொய் சொல்லத் தெரியாமல் இருந்தவள் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"பார்த்தீங்களா, எவ்வளவு ஒட்டுதல்!" என்று மூத்தவள் பூரித்தாள். படியிறங்கும்போது வாலு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்தி நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

"பழசை இந்தம்மாகிட்ட குடுத்துட்டு, உங்ககிட்ட இருக்கறதை அழிச்சிடுங்க" என்று பெரியவர் போகிறபோக்கில் சொன்னார். சொன்ன சொல் காப்பாற்றிய திருப்தி அவர் நடையில் தெரிந்தது.

அறையில் ஹெட்போனும் இளையவளும் மட்டும். அவர் ஒரு பென்டிரைவை மேசையில் வைத்தார். கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

"அம்மா, நான் டீ குடிக்கப் போனப்ப மெஷினை நிறுத்தல. ஓடிட்டுதான் இருந்துச்சு."

இளையவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மைக்கைப் பார்த்தாள்.

"இன்னைக்கு உள்ளதைக் கொஞ்சம் கேட்டேன். மேல கேக்க முடியல, அழிச்சிட்டேன். அந்தப் பாப்பாவே சிரிச்சேன்னு சொல்லிடுச்சு, நான் யாரு?" அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னைக்கும் நான் நிறுத்தலம்மா. பதினோரு நிமிஷம். அதை அழிக்கல."

"பதினோரு நிமிஷமா?"

"முதல் நாலு நிமிஷம் நீங்க உள்ள இருக்கீங்க. அப்புறம் கதவு சாத்தற சத்தம். அதுக்கப்புறம் பாப்பா தனியா. மைக்கிட்ட பேசிட்டு இருக்கு."

"என்ன பேசறா?"

"நான் சொல்ல மாட்டேன்."

"இத்தனை மாசமா ஏன் குடுக்கல?"

"பெத்தவளுக்கு அதைக் குடுக்கறது பாவம்னு நினைச்சேன்." கையை எடுத்தார். "இன்னைக்கு நினைக்கல."

படியில் செருப்புச் சத்தம். கணவன் வாசலில் வந்து நின்றான். "கிளம்பலாமாம். எல்லாரும் காத்திட்டிருக்காங்க." இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன?"

இளையவள் முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. பாட்டு."

"பாட்டு இல்ல சார்" என்றார் ஹெட்போன். "உங்க பாப்பா பேசினது. பதினோரு நிமிஷம் இருக்கு."

அவன் உள்ளே வந்தான். "பேசினதா?"

"வேண்டாங்க" என்றாள் அவள். "உங்களால தாங்க முடியாது. பாட்டே கேக்க மாட்டீங்க."

"பாட்டு ஊருக்குப் பாடினது. பேசினா நமக்குத்தானே?" அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். பதினான்கு மாதத்தில் அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை. இப்போது சிரித்தான். "முதல்ல நான் கேட்டுக்கறேன். அப்புறம் நீ. போடுங்க சார், போடுங்க!"

"ஏங்க..."

"சும்மா இரு. ஒரு வார்த்தை விட்டுடக் கூடாது."

ஹெட்போன் தன் கழுத்திலிருந்ததைக் கழற்றி அவன் காதுகளில் மாட்டினார். ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அறையில் எதுவும் கேட்கவில்லை. அவன் முகம் மட்டும்தான் இருந்தது. முதலில் சிரிப்பு. "ஷூ கடிக்குதாம்" என்று சத்தமாகச் சொன்னான், காதில் மாட்டியிருப்பவர்கள் பேசுவதுபோல். "பாட மாட்டாளாம்! அப்படியே அவதான்!"

பிறகு அவன் தோள் ஒரு தடவை அதிர்ந்தது. இன்னொரு தடவை. மேசை விளிம்பைப் பிடித்தான்.

கீழே பெரியவர் வண்டி ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார்.

இளையவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைத் தொட்டாள். அவன் அந்தக் கையை எடுத்து, முரட்டுத்தனம் எதுவும் இல்லாமல், அவள் மடியிலேயே திரும்ப வைத்தான். கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலை உயர்த்தி, பொறு என்று காட்டினான்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு நிமிடம் முடிந்திருந்தது. மிச்சம் ஏழு.